"அந்த இடம்" என்றால் எந்த இடம்?

ராத்திரி எட்டே காலுக்கு ஸ்ட்ரெச்சரில் வந்தான். பத்தாம் வகுப்புப் பையன். (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) விடியற்காலை நான்கு மணிக்கு வலி அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கிறது. அம்மாவிடம் "வயிறு வலிக்குதும்மா" என்றிருக்கிறான். ஓம வாட்டர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறை வாந்தி எடுத்ததும் நேற்று சாப்பிட்ட புரோட்டாதான் காரணம் என்று முடிவு கட்டி, பக்கத்தில் ஒரு கிளினிக்கில் கேஸ் டிரபிளுக்கு ஊசி போட்டுக் கூட்டி வந்து படுக்க வைத்துவிட்டார்கள். அதற்குள் பதினாறு மணி நேரம் ஓடிவிட்டது, அவன் டிரவுசரைக் கழற்றிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் பார்த்தபோது இடது விதை வலதைவிட மேலே ஏறி, குறுக்கே படுத்து, கல் மாதிரி கிடந்தது. தொட விடவில்லை.

பையன் பொய் சொல்லவில்லை, இதைத்தான் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். விதை, இப்போது அது தொங்குகிற பையில் உருவாவதே இல்லை. கரு வளரும்போது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்புதான் கீழே இறங்குகிறது. விந்தணு உருவாக உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த வெளியூர்க் குடித்தனம். ஆனால் இறங்கும்போது தன் ரத்தக் குழாயையும் நரம்பையும் மேலிருந்தே இழுத்துக்கொண்டு வருகிறது. வீடு மாறினாலும் ரேஷன் கார்டில் பழைய விலாசமே இருக்கிற மாதிரி. அதனால் விதையில் அடிபட்டால் வலி அடிவயிற்றில் தெரியும், குமட்டும், வாந்தி வரும். கிரிக்கெட் பந்து பட்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ரத்தக் குழாய், நரம்பு, விந்து போகும் குழாய் எல்லாம் சேர்ந்து ஒரு கொடி மாதிரி இருக்கும், அதில்தான் விதை தொங்குகிறது. வழக்கமாகப் பின்பக்கம் பையோடு ஒட்டியிருப்பதால் சுற்றாது. சில பையன்களுக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிப்பு இருக்காது, கோயில் மணியின் நாக்கு போலச் சும்மா ஆடும். ஒருநாள் கிணற்று வாளி கயிற்றில் சுழல்வது மாதிரி சுற்றிக்கொள்கிறது. முதலில் அசுத்த ரத்தம் வெளியேறும் வழி அடைபட்டு வீங்கும், அப்புறம் உள்ளே வருகிற ரத்தமும் நின்றுவிடும். அடிபட வேண்டும் என்றுகூட இல்லை, தூக்கத்திலேயே நடக்கும். எந்த வயதிலும் வரலாம், அதிகம் பார்ப்பது 12 முதல் 18 வயதுக்குள். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், 12 மணி தாண்டினால் பாதிக்குப் பாதிதான், ஒரு நாள் ஆகிவிட்டால் அநேகமாக எடுக்கத்தான் வேண்டும். சில சமயம் தானாகச் சுற்றி, தானாகவே விடுபட்டு வலி நின்றுவிடும். அப்போதும் சும்மா விடாமல் காட்டிவிடுங்கள், அது திரும்ப வரும்.

அவனுக்கு எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் ரவுண்ட்ஸில், "அங்கதான் வலின்னு ஏண்டா சொல்லலை?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாகிட்ட எப்படி சார் சொல்றது?" என்றான். யோசித்துப் பார்த்தால் அவனிடம் வார்த்தையே இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே பெயர் மைதானத்தில் திட்டுவதற்குப் பயன்படுகிறது, வீட்டில் சொன்னால் அறை விழும். 'விரை' என்பது புத்தகத்தில் இருக்கிறது, யார் வாயிலும் இல்லை. என் ஓபியில் ஐம்பது வயதுக்காரர்கூட "கீழ", "அந்த இடம்", "யூரின் போற இடத்துக்குப் பக்கத்துல" என்றுதான் ஆரம்பிக்கிறார். இதைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுவது யார் என்று பார்த்தால், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் போஸ்டர் ஒட்டும் லாட்ஜ் வைத்தியர்தான். அவர் பேச்சைக் கேட்டு, ஒரு விதை கொஞ்சம் கீழே தொங்குகிறது, நரம்பு தளர்ந்துவிட்டது என்று பயந்து பல்லாயிரம் ரூபாயை லேகியத்தில் கொட்டிவிட்டு என்னிடம் வருகிறார்கள். ஒன்று மற்றதைவிடக் கீழே இருப்பது இயல்பு சார், பெரும்பாலும் இடதுதான் தாழ்ந்திருக்கும். ஒரு பைசா செலவு வேண்டாம்.

பயப்பட வேண்டியதற்கு மட்டும் யாரும் பயப்படுவதில்லை. வலியே இல்லாமல் விதையில் ஒரு கெட்டிக் கட்டி தட்டுப்பட்டால், அதுவும் 15 முதல் 35 வயதுக்குள், உடனே வாருங்கள். புற்றுநோயாக இருந்தாலும் சீக்கிரம் பிடித்தால் முழுதாகக் குணமாக்கக்கூடியவற்றில் இது முன்வரிசை. மாதம் ஒருமுறை குளிக்கும்போது வெந்நீரில் பை தளர்ந்திருக்கையில் விரலால் உருட்டிப் பார்த்தால் போதும். பின்பக்கம் மெத்தென்று ஒரு புடைப்பு தென்படும், அது விந்து நாளச் சுருள், பதறாதீர்கள்.

பெற்றோருக்கு: ஆண் பிள்ளை திடீரென்று வயிறு வலி என்றால், "விதையிலயும் வலிக்குதாடா?" என்று நீங்களே கேளுங்கள். அவன் தானாகச் சொல்ல மாட்டான். ஆமாம் என்றால் காலை வரை காத்திருக்காமல், ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள், வழியில் டீகூட வாங்கிக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அவன் அப்பா என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார். கேள்வி தெரிந்ததுதான். ஒரு விதையே போதும் அண்ணே, மீசையும் முளைக்கும், குழந்தையும் பிறக்கும், மீதியிருக்கிறதும் சுற்றாமல் இருக்கத் தையல் போட்டு நிறுத்தியிருக்கிறோம் என்றேன். பையனுக்கு வேறு கவலை, எப்போது கிரிக்கெட் ஆடலாம் என்று. சில வாரம் போகட்டும், இனிமேல் கார்டு போடாமல் பேட்டைத் தொடாதே என்றேன். "அப்டமன் கார்டா சார்?" என்றான். ஆமாம், அதற்கும் நாம் வைத்திருக்கிற பெயர் வயிற்றுக் கவசம்தான்.