ஓசிடி: ஓரியல் ஒளி வெட்டுப்படம்

சர்க்கரை நோயாளிகள் கண் பரிசோதனைக்குப் போனால் அடிக்கடி காதில் விழும் சொல் ஓசிடி. மோவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் சிறு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், சில நொடிகளில் விழித்திரையின் குறுக்குவெட்டு திரையில் வந்துவிடும். கருவி கண்ணைத் தொடுவதே இல்லை. இதன் விரிவு ஆப்டிகல் கோஹரன்ஸ் டோமோகிராபி.

கிரேக்கத்தில் 'டோமோஸ்' என்றால் வெட்டிய துண்டு, 'கிராபெய்ன்' என்றால் வரைதல். சிடி ஸ்கேனில் உள்ள 'டி'யும் இதே டோமோகிராபிதான். கோஹரன்ஸ் இலத்தீன் வழி வந்தது. ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது என்று பொருள். இயற்பியலில், அலைகள் தமக்குள் கட்டம் (ஏற்ற இறக்கங்களின் ஒழுங்கு) பிசகாமல் செல்லும் தன்மை. பிளஸ் டூ பாடத்தில் வரும் 'ஓரியல் மூலங்கள்' நினைவிருக்கிறதா? அந்த ஓரியல்தான் இது.

ஆனால் இந்தக் கருவிக்கு வேண்டியது ஓரியல்பு குறைந்த ஒளி! ஒளியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைக் கண்ணுக்குள்ளும் மற்றதை ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடிக்கும் அனுப்புகிறார்கள். இரண்டும் திரும்பி வந்து சேரும்போது, கடந்த தொலைவு ஏறக்குறைய சமமானால் மட்டுமே குறுக்கீடு (அலைகள் சேர்ந்து வலுப்பதும் மங்குவதும்) தெரியும். கண்ணாடியை நகர்த்தினால் அடுத்த ஆழம் கிடைக்கும். ஓரியல்பு நீடிக்கும் தொலைவு எவ்வளவு சிறிதோ அவ்வளவு நுட்பமாக அடுக்குகள் பிரியும். இன்றைய மருத்துவமனைக் கருவிகள் சுமார் 5 மைக்ரோமீட்டர் வரை பிரித்துக் காட்டுகின்றன.

டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ ஆகியோரின் அமெரிக்க எம்ஐடி பல்கலைக்கழகக் குழு 1991இல் இந்தப் பெயரோடு முறையை வெளியிட்டபோது, படமெடுத்தது உடலிலிருந்து எடுத்த விழித்திரையையும் இதயத் தமனியையும். 1993இல் உயிருள்ள கண்ணைப் படமெடுத்தார்கள். உயிருள்ள கண் அசைந்துகொண்டே இருக்கும், அதனால் வேகம் முக்கியம். கண்ணாடியை நகர்த்தாமல், திரும்பும் ஒளியை நிறமாலையாகப் பிரித்து எல்லா ஆழத்தையும் ஒரே வீச்சில் கணக்கிடும் முறை வந்ததும் வேகம் பன்மடங்கானது. அப்புறம் வந்தது ஓசிடி ஆஞ்சியோகிராபி. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால் மாறித் தெரிவது ஓடும் இரத்த அணுக்கள்தான். அதை வைத்தே, சாய ஊசி போடாமல், நுண்நாளங்களை வரைந்துவிடலாம். 2016இல் ஜெர்மனியின் லூபெக் ஆய்வாளர்கள் இன்னும் நுணுகி, வெளிச்சம் பட்டதும் ஒளியுணர் செல்கள் நானோமீட்டர் அளவில் நீள்வதையே மனிதக் கண்ணில் பதிவு செய்தார்கள்.

விழித்திரை கருவில் முன்மூளையிலிருந்து வளர்வது. அதனால் மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நரம்பிழை அடுக்கு மெலிவதைக் கண் வழியாகவே அளக்க முடிகிறது. மூளையை நேரடியாகப் பார்ப்பதற்கு மண்டையோடு தடை. ஆய்வகச் சுண்டெலிகளில் சிறு சாளரம் திறந்து, 1300 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியில் மூளையின் மேலடுக்கான புறணியின் தந்துகிகளை (மிக நுண்ணிய இரத்தநாளங்களை) படமெடுக்கிறார்கள். எட்டும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஒத்திசைவு' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது இசையின் பக்கம் இழுத்துவிடும். ஓரியல் ஏற்கெனவே வேரூன்றிய சொல். முறைக்கு 'ஓரியல் ஒளி வெட்டுவரைவு', நோயாளி கையில் வாங்கும் படத்துக்கு 'ஓரியல் ஒளி வெட்டுப்படம்', ஆஞ்சியோகிராபிக்கு 'ஓரியல் ஒளிக் குருதிநாள வரைவு' என்று எழுதலாம்.