பத்து நிமிட வானமும் பதினேழு நாள் வானமும்

எழுபது கிலோ எடையுள்ள ஒருவரைத் தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கி, அங்கே பூமியைச் சுற்றிவரத் தேவையான வேகத்தையும் அவருக்குக் கொடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்குப் போட்டால், ஏறத்தாழ 640 யூனிட் மின்சாரம் என்று விடை வருகிறது. மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் உள்ள ஒரு நடுத்தர வீட்டின் சில மாதப் பயன்பாடுதான் அது. ஆனால் 2022 ஏப்ரலில், தனியார் விண்வெளிப் பயணங்களை நடத்தும் ஆக்ஸியம் நிறுவனத்தின் முதல் பயணத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற மூன்று செல்வந்தர்கள் ஆளுக்கு 5.5 கோடி டாலர், அதாவது அன்றைய மதிப்பில் நானூறு கோடி ரூபாய்க்கு மேல், கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. சில ஆயிரம் ரூபாய் மின்சாரத்துக்கும் நானூறு கோடி ரூபாய் இருக்கைக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளம் எப்படி உண்டாகிறது என்பது புரிந்தால்தான், விண்வெளிச் சுற்றுலா கொடுத்த காசுக்குப் பெறுமா என்ற கேள்வியையே சரியாகக் கேட்க முடியும்.

அந்த 640 யூனிட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். உயரத்துக்கு ஏற்றுவதற்குச் செலவாகும் பங்கு ஒன்பதில் ஒன்றுதான். மீதி முழுவதும் வேகத்துக்கே போகிறது. நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடினால்தான், கீழே விழுந்துகொண்டே இருந்தும் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்ற முடியும். அந்த வேகத்தைக் கொடுக்கும் ராக்கெட்டோ, விமானத்தைப் போல வழியில் கிடைக்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதில்லை. எரிபொருளையும் அதை எரிக்கும் ஆக்சிஜனையும் புறப்படும்போதே தன் வயிற்றில் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறது. பயணியைச் சுமக்க எரிபொருள், அந்த எரிபொருளைச் சுமக்க மேலும் எரிபொருள், அதையும் சுமக்க இன்னும் கொஞ்சம் என்று இந்தச் சங்கிலி நீள்வதை ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் ஒரு சமன்பாடாக எழுதி வெளியிட்டார். வேகம் கூட்டல் கணக்கில் ஏறினால் எடை பெருக்கல் கணக்கில் ஏறும் என்பதே அதன் சாரம். வாயுவை நொடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் பீய்ச்சும் எந்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டால், ராக்கெட்டின் வேகத்தில் மூன்று கிலோமீட்டர் கூட்டும் ஒவ்வொரு முறையும் புறப்பாட்டு எடை 2.7 மடங்காகிறது. காற்றின் எதிர்ப்பையும் ஈர்ப்பால் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் சுற்றுப்பாதைக்கு மொத்தம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் தேவைப்படுவதால், 2.7 மூன்று முறை பெருகி இருபதைத் தொடுகிறது. ஆக்ஸியம் பயணிகளை ஏற்றிச்சென்ற ஃபால்கன் 9 ராக்கெட் ஏவுதளத்தில் நிற்கும்போது அதன் எடை ஏறத்தாழ 549 டன். உச்சியில் இருக்கும் டிராகன் கலத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நான்கே பேர் என்றால், ஓர் ஆளுக்கு 137 டன். மின்கட்டணத்துக்கும் இருக்கைக் கட்டணத்துக்கும் இடையிலான பள்ளத்தில் பெரும்பகுதி இங்கேதான் தோண்டப்படுகிறது.

திரும்பி வருவதும் இலவசம் அல்ல. மேலே போகும்போது ஒவ்வொரு கிலோவிலும் ஏற்றிவைத்த 33 மெகாஜூல் (ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல்) ஆற்றலை வரும்போது எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். ஒரு கிலோ இரும்பை உருக்க ஒரு மெகாஜூலுக்குச் சற்று மேல் போதும் என்பதோடு ஒப்பிட்டால், வெப்பக் கவசம் இல்லாமல் அந்தக் கலம் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும், விண்வெளிச் சுற்றுலா என்ற பெயரில் விற்கப்படும் இரண்டு சரக்குகளில் மேலே சொன்னது ஒன்றுதான். மற்றொன்று, சுற்றுப்பாதையை எட்டாமல் மேலே போய் உடனே கீழே வந்துவிடும் பயணம். கல்லை வானை நோக்கி எறிவது போன்றது இது. நூறு கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டு விழுவதற்குக் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மெகாஜூல் போதும்; சுற்றுப்பாதைக்கு ஆகும் ஆற்றலில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது, கடற்கரையில் கால் நனைப்பதையும் கடலைக் கடப்பதையும் கடற்பயணம் என்றே சொல்வதற்கு ஒப்பாகும்.

ஜெஃப் பெசோஸின் புளூ ஆரிஜின் நிறுவனம் மேற்கு டெக்சாஸிலிருந்து நியூ ஷெப்பர்டு என்ற ராக்கெட்டில் நடத்திய பயணங்களை நிமிடக் கணக்கில் பார்ப்பது பயனுள்ளது. திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரியும் எந்திரம் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடி நின்றுவிடுகிறது. அப்போது கலம் ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அதன் பிறகு தள்ளுவதற்கு எதுவும் இல்லை. கையை விட்டுப் பிரிந்த கல்லைப் போலத் தானாகவே மேலும் ஐம்பது கிலோமீட்டர் ஏறுகிறது. ராக்கெட்டிலிருந்து கலம் பிரிந்ததும் பயணிகள் இருக்கை வார்களைக் கழற்றி மிதக்கிறார்கள், ஓர் ஆளின் இடுப்பு உயரத்துக்கு இருக்கும் பெரிய சன்னல்களில் முகம் பதிக்கிறார்கள், தலைகீழாகப் புரள்கிறார்கள். நான்காவது நிமிடத்தில் உச்சி வந்துவிடுகிறது. ஆறாவது நிமிடத்துக்குள் மறுபடியும் இருக்கையில் அமர்ந்து வாரை மாட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடர்ந்த காற்றில் கலம் மோதும்போது உடல் எடை ஐந்து மடங்கு வரை அழுத்தும். மூன்று பாரசூட்கள் விரிந்து, பத்தாவது நிமிடத்தில் பாலைவனப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கலம் தரையிறங்குகிறது. 2021 ஜூலை 20-இல் பெசோஸே சென்ற முதல் பயணம் பத்து நிமிடம் பத்து விநாடியில் முடிந்தது. அதில் ஓர் இருக்கை ஏலத்தில் 2.8 கோடி டாலருக்குப் போனது.

அந்த மிதத்தலைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு இல்லை என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் 97 விழுக்காடு. 400 கிலோமீட்டரில் உள்ள விண்வெளி நிலையத்திலும்கூட 88 விழுக்காட்டுக்குக் குறையாது. கலமும் அதற்குள் இருப்பவரும் ஒரே வேகத்தில் விழுந்துகொண்டிருப்பதால் தரை காலைத் தாங்குவதில்லை, அதனால் எடை உணரப்படுவதில்லை, அவ்வளவுதான். ஆகவே எடையின்மைக்கு விண்வெளி கட்டாயம் அல்ல, தடையின்றி விழுவதற்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும். ஒரு போயிங் 727 விமானத்தை மேலும் கீழும் வளைத்து ஓட்டி, ஒவ்வொரு வளைவிலும் இருபதிலிருந்து முப்பது விநாடி இந்த நிலையை உண்டாக்கும் சேவை அமெரிக்காவில் நீண்ட காலமாக இருக்கிறது. ஒரு பயணத்தில் பதினைந்து வளைவுகள். அவற்றில் சில நிலவின் ஈர்ப்புக்கும் செவ்வாயின் ஈர்ப்புக்கும் ஒதுக்கப்பட்டாலும், முழு எடையின்மை ஐந்து நிமிடத்தை ஒட்டி வரும்.

இங்கே சற்று வணிகர் மனத்தோடு வகுத்துப் பார்க்கலாம். சுற்றுப்பாதையை எட்டாத பயணத்தையே விற்ற விர்ஜின் கேலக்டிக் நிறுவனம் 2021-இல் தன் பயணச்சீட்டுக்கு வைத்த விலை 4,50,000 டாலர். எடையின்மை கிடைப்பது மூன்று, நான்கு நிமிடம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். வளைந்து பறக்கும் விமானத்தில் பத்தாயிரம் டாலர் அளவுக்கு ஐந்து நிமிடம் என்றால் நிமிடத்துக்கு இரண்டாயிரம். ஆக்ஸியத்தின் முதல் பயணம் பத்து நாளுக்குத் திட்டமிடப்பட்டு, இறங்கும் கடற்பகுதியில் வானிலை சரியில்லாததால் மொத்தம் பதினேழு நாளாக நீண்டது; 5.5 கோடி டாலரை அந்த நிமிடங்களால் வகுத்தால் அதுவும் ஏறத்தாழ 2,250 டாலர்தான். எல்லோரும் எட்டாத உயரம் என்று நினைக்கும் சுற்றுப்பாதை, நிமிடக் கணக்கில் விமானத்தோடு போட்டியிடும் விலைக்கு வந்துவிடுகிறது. எளிய பயணம் என்று நினைத்ததுதான் ஐம்பது மடங்கு விலை கூடியதாக நிற்கிறது. எடையின்மைக்காக மட்டும் பத்து நிமிடப் பயணத்தை வாங்குபவர் ஏமாந்தவர் என்றே நான் சொல்வேன்.

காட்சிக்காக என்றால் வாதம் கொஞ்சம் மாறும். பத்து கிலோமீட்டரில் பறக்கும் பயணிகள் விமானத்திலிருந்து அடிவானம் 350 கிலோமீட்டர் தள்ளித் தெரிகிறது. நூறு கிலோமீட்டரிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல். பகலிலேயே வானம் கறுப்பாகவும், காற்று மண்டலம் விளிம்பில் ஒரு மெல்லிய நீலக் கோடாகவும் தெரிவதை விமானம் காட்டாது. 2021 அக்டோபரில் தொண்ணூறு வயதில் சென்றுவந்த நடிகர் வில்லியம் ஷாட்னர் இறங்கியதும் கண்ணீர் மல்க நின்றதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் காட்சி கிடைப்பது நாலு நிமிடம், அதிலும் ஒரு பகுதி பயணி தன் உடலை நிலைப்படுத்துவதிலேயே கழிகிறது.

மூன்றாவதாக விற்கப்படுவது ஒரு கோடு. நூறு கிலோமீட்டரில் உள்ள கார்மன் கோட்டைப் பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு விண்வெளியின் எல்லையாகக் கொள்கிறது. அமெரிக்காவோ ஐம்பது மைலை, அதாவது எண்பது கிலோமீட்டரைக் கொள்கிறது. விர்ஜின் கேலக்டிக் கலம் இந்த இரண்டுக்கும் நடுவே, எண்பத்தைந்தைத் தாண்டிய உயரத்தில் திரும்பியது என்பதால் எது உண்மையான விண்வெளி என்று புளூ ஆரிஜினும் விர்ஜின் கேலக்டிக்கும் பொதுவெளியில் மல்லுக்கு நின்றன. காற்று படிப்படியாக மெலிகிறதே தவிர எந்த இடத்திலும் சட்டென்று முடிவதில்லை என்பதால், இயற்பியல் இந்தச் சண்டையில் யார் பக்கமும் சாயாது. வணிக விண்வெளி வீரர் என்ற சிறகுச் சின்னத்தை வழங்கிவந்த அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், 2021 இறுதியோடு அந்த வழக்கத்தையே நிறுத்திக்கொண்டது.

ஆபத்தும் விலையில் ஒரு பகுதிதான். கலம் பாதுகாப்பானது என்று அரசு சான்றளிக்கவில்லை என்பதை அமெரிக்காவில் ஒவ்வொரு பயணியிடமும் எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். 2014 அக்டோபர் 31-இல் விர்ஜின் கேலக்டிக்கின் சோதனைக் கலம் நடுவானில் உடைந்து துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி உயிரிழந்தார். இறங்கும்போது வேகத்தைத் தணிக்க வால்பகுதியை மடக்கும் அமைப்பின் பூட்டு சில விநாடி முன்னதாகத் திறக்கப்பட்டதே காரணம். 2022 செப்டம்பரில் ஆளில்லாமல் சென்ற நியூ ஷெப்பர்டின் எந்திரம் பழுதானபோது, தப்பிக்கும் மோட்டார் கலத்தைப் பிரித்து இழுத்துக் காப்பாற்றியது. அதில் ஆள் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள் என்பது ஆறுதலான செய்தி.

விமானப் பயணமும் தொடக்கத்தில் பணக்காரர்களுக்கே எட்டியது, பிறகு மலிந்தது, இதுவும் மலியும் என்பது இத்தொழிலார் அடிக்கடி சொல்லும் வாதம். ராக்கெட்டின் கீழடுக்கைத் திரும்ப இறக்கிப் பயன்படுத்துவதால் செலவு குறைந்திருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விமானம் மலிந்ததற்கு, மக்களுக்கு வேறு ஊருக்குப் போக வேண்டிய தேவை இருந்தது ஒரு காரணம். மேலே போய், புறப்பட்ட இடத்திலேயே இறங்கும் பயணத்துக்கு அப்படித் தினமும் வரும் கூட்டம் கிடையாது. விர்ஜின் கேலக்டிக் 2024 ஜூனில் தன் யூனிட்டி கலத்தை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, அடிக்கடி பறக்கக்கூடிய புதிய கலத்தைக் கட்ட முனைந்ததே இந்தக் கணக்கு இடித்ததால்தான்.

சுற்றுப்பாதை இருக்கையின் பெறுமானம் வாங்குபவரைப் பொறுத்து மாறுகிறது. 2001 ஏப்ரலில் ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் சென்ற அமெரிக்கச் செல்வந்தர் டென்னிஸ் டிட்டோ சுமார் இரண்டு கோடி டாலர் கொடுத்து எட்டு நாள் சுற்றிவந்தார். பணமுடையில் இருந்த ரஷ்ய விண்வெளித் துறைக்கு அது உதவியது. 2019-இல் நாசா வெளியிட்ட விலைப்பட்டியலில், நிலையத்தில் உயிர்காப்பு வசதிக்கும் கழிப்பறைக்கும் நாளொன்றுக்கு 11,250 டாலர், உணவு, காற்று, மருந்து போன்றவற்றுக்கு 22,500 டாலர், மின்சாரம் யூனிட்டுக்கு 42 டாலர். முதலில் சொன்ன 640 யூனிட்டை அந்த விலைக்கே வாங்கினாலும் 27,000 டாலர்தான் ஆகும் என்பதைக் கவனிக்கலாம்.

2025 ஜூன் 25-இல் ஆக்ஸியத்தின் நான்காவது பயணத்தில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சென்றதும் இதே வகை விலைக்கு வாங்கிய இருக்கையில்தான். இந்தியா சுமார் 550 கோடி ரூபாய் செலவிட்டதாகச் செய்திகள் கூறின. செல்வந்தர் ஒருவருக்கு அது விடுமுறை. தன் சொந்தக் கலத்தில் வீரர்களை அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு ஆயத்தமாகும் நாட்டுக்கோ, ஏவுதலையும் இணைதலையும் எடையின்மையில் வேலை செய்வதையும் தன் வீரர் ஒருவர் உடலால் அறிந்து வருவதற்கான பயிற்சிக் கட்டணம். ஏழு இந்திய ஆய்வுகளை அவர் அங்கே நடத்தினார். அவற்றில் ஒன்றுக்காக, தார்வாட்டிலிருந்து போன வெந்தயமும் பச்சைப்பயறும் சிறு தட்டுகளில் முளைவிட்டு, நிலையத்தின் உறைபெட்டியில் வைக்கப்பட்டுப் பூமிக்குத் திரும்பின.