பம்பா, ரோட்டாஹேலரா: மூச்சைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

"மருந்து கேக்கவே இல்ல டாக்டர்" என்று வீசிங்கோடு வருபவர்களிடம், மருந்தை மாற்றுவதற்கு முன்னால், கையில் இருக்கும் இன்ஹேலரை என் எதிரிலேயே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்வேன். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

அழுத்தினால் புஸ்ஸென்று வரும் பம்பில் மருந்தை வெளியே தள்ளுவது உள்ளே அடைத்திருக்கும் வாயு. அதனால் நீங்கள் மெதுவாக, நாலைந்து வினாடி நீளமாக மூச்சை இழுக்க வேண்டும், இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தவும் வேண்டும். கேப்சூல் போட்டுத் திருகும் ரோட்டாஹேலரில் வாயுவே கிடையாது, பொடியைக் கிளப்புவது உங்கள் மூச்சின் வேகம்தான், ஆகவே எடுத்த எடுப்பிலேயே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டுக்கும் முறை நேர் எதிர்! ரோட்டாஹேலரில் பழகியவர் அதே வேகத்தில் பம்பை இழுத்தால் மருந்து தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். பம்புக்குப் பழகியவர் ரோட்டாஹேலரை மெல்ல இழுத்தால் பொடி கேப்சூலிலேயே கிடக்கும். இழுத்த பிறகு திறந்து பாருங்கள், மிச்சம் இருந்தால் இன்னொரு முறை இழுங்கள். எதுவானாலும் இழுத்ததும் 10 வினாடி மூச்சை அடக்கினால்தான் மருந்து உள்ளே படியும்.

சின்னக் குழந்தைகளுக்கும், நுரையீரல் தளர்ந்த வயதானவர்கள் பலருக்கும் அவ்வளவு வேகமாக இழுக்க வராது. அவர்களுக்கு நான் கொடுப்பது பம்போடு, அதன் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவை. அழுத்திய மருந்து அந்தக் குடுவைக்குள் நிற்பதால் கையும் மூச்சும் ஒரே நொடியில் சேர வேண்டிய அவசரம் இல்லை, தொண்டையில் படிவதும் குறையும். ஸ்பேசர் குழந்தைகளுக்கானது என்று நினைத்து ஒதுக்கும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அவர்களுக்கும் அது அதே அளவு உதவும். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் உள்சுவரில் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மருந்தைப் புகைபோல ஆக்கி முகமூடி வழியாகத் தரும் நெபுலைசர்தான் எல்லாவற்றிலும் பலமானது என்று பலர் நம்புகிறார்கள். உயிருக்கு ஆபத்தான அளவு மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனையில் வைப்பது வேறு, மற்றபடி சாதாரண இளைப்புக்கு ஸ்பேசர் வழியாகப் பம்பும் அதே பலனைத் தரும்.

அப்புறம், ரோட்டாஹேலருக்கான கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். சொல்லித் தராதது எங்கள் துறையின் குறை. ஈரம் பட்டால் பொடி கட்டியாகிவிடும் என்பதால் கருவிக்குள் ஊதவும் கூடாது. பம்பிலோ மருந்து தீர்ந்த பிறகும் வாயு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், அதை நம்பாமல் எண்ணிக்கை காட்டும் கட்டத்தைப் பாருங்கள். ஸ்டீராய்டு மருந்தானால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை பிடிக்கலாம்.

மருந்துக்கடையில் "அது இல்ல, இதுவும் அதே மருந்துதான்" என்று வேறு வகைக் கருவியைக் கொடுத்தால் உடனே வாங்காதீர்கள். மருத்துவரைக் கேளுங்கள், அவர் சரி என்றால் இழுக்கும் முறையை அவர் எதிரிலேயே செய்து பார்த்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.