வலு வந்தபிறகு நடக்கலாம் என்று உட்கார வைக்காதீர்கள்

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். "எப்படி இருக்கீங்கய்யா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டால் மகள் பதில் சொல்கிறார்: "அப்பாவை ஒண்ணும் செய்ய விடுறதில்லைங்க. நாங்களே குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, உடுப்பு மாத்தி ராஜா மாதிரி பார்த்துக்கிறோம்." பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த அன்று ஒருவர் பிடித்தாலே எழுந்து நின்றவர் அவர். நான்கு மாதம் கழித்து இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இது ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

"உடம்பு தேறட்டும், வலு வரட்டும், அப்புறம் நடக்கட்டும்." இந்தப் பேச்சுதான் ஆளைப் படுக்கையில் தள்ளுகிறது. காய்ச்சலுக்கு ஓய்வு சரி. பக்கவாதத்தில் கெட்டுப்போனது கால் அல்ல, காலை இயக்கிய மூளைப்பகுதி. அது செய்த வேலையை மூளையின் மற்ற பகுதிகள் புதிதாகப் பழக வேண்டும். பழக்கம் செய்து செய்துதான் வரும். ரப்பர் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து யாரும் பால்வெட்டக் கற்கவில்லை. பட்டையில் கத்தியை வைத்துத்தான் கற்றார்கள். நடந்தால்தான் நடை வரும், நின்றால்தான் நிற்க வரும். படுத்தே கிடந்தால் பாதிக்காத காலும் சேர்ந்து சூம்பும். எண்ணெய் போட்டு உருவுவது இதமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்போது உழைப்பது உருவுகிறவரின் கை. நோயாளியின் மூளை அதில் ஒன்றையும் பழகுவதில்லை. கையில் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வதும் ஏறக்குறைய இப்படித்தான். பலருக்கு விரல்கள் ஏற்கெனவே மடங்கி இறுகிக் கிடக்கின்றன, விரிப்பதுதான் பெரும்பாடு. பந்துக்குப் பதிலாக மேசையில் ஒரு துண்டை விரித்து, உள்ளங்கையை அதன்மேல் பதித்து, முன்னும் பின்னும் துடைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் பிடி வந்தவருக்குப் பயற்றங்காய் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போடும் வேலை கொடுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் செய்யுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கிக்கொண்டு போகும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து உட்கார வேண்டும். பாதங்கள் இரண்டும் தரையில் படிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து பிறகு எழவேண்டும். பலரும் சாயாமல் நேராக எழப் பார்த்துப் பின்னால் விழுகிறார்கள். பாரம் முழுவதும் நல்ல காலுக்கே போகிறதென்றால், பலவீனமான பாதத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள், தானாகப் பாரம் ஏறும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். பாதிப் பயிற்சி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. மூச்சை அடக்கக் கூடாது. ஐந்தில் தொடங்கிப் பத்துக்கு வாருங்கள், நாளுக்கு மூன்று வேளை.

பிடிக்கிறவர் பலவீனமான பக்கம் நிற்க வேண்டும். இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி அதைப் பிடியுங்கள். தயவுசெய்து அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள்! தசை பிடிப்பில்லாத தோள்மூட்டு அந்த இழுப்பில் குழியிலிருந்து இறங்கும். அந்த வலி வந்துவிட்டால் பல மாதத்துக்கு எந்தப் பயிற்சிக்கும் அவர் ஒத்துழைக்க மாட்டார். கைத்தடி நல்ல கையில். வாசற்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

நடையை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் செம்மண் பாதை வேண்டாம், லயத்து (தோட்ட வரிசை வீட்டு) முன்வாசல் சிமெண்டுத் தரை போதும். ஜப்பான் சிலிப்பர் கழன்று விழும். குதிகாலில் வார் உள்ளதைப் போடுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். தொடக்கத்துக்கு வாரத்தில் நான்கு நாள், பத்துப் பத்து நிமிடம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் நடக்கப் போகக் கூடாது.

ஆர்வத்தில் தொடங்கும் பயிற்சி இரண்டாவது வாரமே நின்றுபோகிறது. அதனால் தனி நேரம் ஒதுக்காமல், தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். காலைத் தேநீருக்கு முன் பத்து முறை எழுந்து உட்காரட்டும். நாடகத்தில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து நிற்கட்டும். செய்ததற்குச் சுவர் நாள்காட்டியில் அவர் கையாலேயே ஒரு கோடு போடட்டும். கோடு கோணலாக இருந்தால் இருக்கட்டும், அதுவும் பயிற்சிதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். அவருக்குத் தனியாக உப்பில்லாமல் ஒரு சட்டி, மற்றவர்களுக்குக் கருவாட்டுச் சம்பல் என்றால் ஒரு வாரம்கூட நிலைக்காது. ஒரே சட்டியாகச் சமைத்து எல்லாருக்கும் உப்பைக் குறையுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. நாலு பேர் உள்ள வீட்டில் 500 கிராம் உப்புப் பாக்கெட் 25 நாளாவது வர வேண்டும். வாங்கிய தேதியைப் பாக்கெட்டிலேயே எழுதிவையுங்கள், கணக்கு தெரிந்துவிடும். கீச்சாப் (சோயா சாஸ்), நெத்திலி, அப்பளம், ஊறுகாய், மேகி இவற்றில் உள்ள உப்பு இந்தப் பாக்கெட் கணக்கில் சேரவில்லை. ஒரு மேசைக்கரண்டி கீச்சாப்பிலேயே ஒரு நாள் உப்பில் பாதிக்கு நெருக்கமாக இருக்கும். புளி, எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலையைக் கூட்டினால் நாக்கு சில வாரங்களில் பழகும். தட்டில் பாதி காய்கறி பழம், கால் சோறு, கால் மீனோ முட்டையோ பருப்போ. கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனும், டெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டியும் மலிவு. மூன்று வேளையும் வெறும் கஞ்சி கொடுத்தால் தசை எதிலிருந்து வளரும்? டின்பால் தேநீர் அவருக்கு வேண்டாம், இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறுவாரம் துளியும் இல்லை என்பதுதான் ஆபத்து.

குடிக்கும்போது இருமினாலோ, குடித்தபின் குரல் கரகரவென்று ஈரமாக ஒலித்தாலோ விழுங்குவதில் கோளாறு இருக்கலாம். வாயால் கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். அப்படிப்பட்டவருக்கு ரசஞ்சோறும் தண்ணீர் பிரிந்த கஞ்சியும் மிக ஆபத்து: சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். யாராக இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, முடித்து அரைமணி நேரம் படுக்காமல் இருக்கட்டும். பலவீனமான பக்கக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சரியாக இருப்பதே மாத்திரையால்தான். வாய் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால் அவசர எண் 999-ஐ அழையுங்கள். விரல் நுனியைக் குத்தி ரத்தம் விட்டால் சரியாகும் என்ற பேச்சை நம்பிக் குத்திக்கொண்டிருக்காதீர்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு, தோட்டத்திலிருந்து ஈப்போ மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் நேரமும் அதற்குள் அடங்க வேண்டும்.

அம்மா, அக்கா, தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை சட்டையை அவர் மடியில் வையுங்கள். பலவீனமான கையை முதலில் நுழைக்கச் சொல்லுங்கள். பொத்தானுக்குப் பத்து நிமிடம் ஆகும். பக்கத்தில் உட்காருங்கள், கையை நீட்டாதீர்கள்.