ஸ்டாப்பரைத் திட்டுவதற்கு முன் ஃபார்வர்டைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அப்பா தன் பையனை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். 16 வயது, நல்ல உயரம், அண்டர் 17 ஃபுட்பால் டீமில் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டர். "சார், இவனுக்கு டிஃபென்ஸே வராதுன்னு கோச் சொல்லிட்டாராம். ஆட்டத்தையே விட்டுடறேங்கிறான்" என்றார். பையன் தரையைப் பார்த்தபடி ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். இந்த சீசனில் இப்படி வந்த மூன்றாவது பையன். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

அவன் ஆடிய மேட்சை நானும் பார்த்தேன். போன வருடம் வரை பெனால்டி பாக்ஸை ஒட்டி நின்று தடுத்து ஆடிய டீம் அது. ஓரத்திலிருந்து கிராஸ் வந்தால் முதலில் எழும்புவது இவன் தலைதான். புதிதாக வந்த கோச், ஹை லைன் என்று சொல்லி நான்கு டிஃபெண்டர்களையும் நடுக்கோட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஐந்து கோல் வாங்கினார்கள். அதில் நான்கு ஒரே மாதிரி. எதிரணி மிட்ஃபீல்டர் நிதானமாக நிமிர்ந்து பார்க்கிறான், டிஃபெண்டர்கள் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போடுகிறான், ஒருவன் ஓடிப்போய் அடிக்கிறான். நான்கு முறையும் திட்டு வாங்கியது ஸ்டாப்பர்.

டிஃபென்ஸ் என்றால் பின்னால் நிற்கும் நான்கு பேர் என்ற நினைப்பை எப்போது விடப்போகிறோம்? அந்த மிட்ஃபீல்டர் நிதானமாக நிமிர்ந்து பார்த்தானே, கோல் அங்கேயே விழுந்துவிட்டது. அவனுக்கு அந்த நேரத்தைக் கொடுத்தது யார்? முன்னால் நடந்துகொண்டிருந்த இரண்டு ஃபார்வர்டுகள். பந்து வைத்திருப்பவன் மேல் ஆள் பாய்ந்தால் அவன் குனிந்தேதான் இருப்பான், தூரத்துக்குப் பார்த்துப் போட முடியாது. அப்போது மட்டும்தான் பின்வரிசை மேலே நிற்கலாம். ஆள் பாயவில்லையா, எல்லோரும் உடனே பின்னால் இறங்க வேண்டும். ஹை லைனைத் தொடங்கி வைப்பவனே ஃபார்வர்டுதான். உங்கள் ஃபார்வர்டால் எழுபது நிமிடமும் அப்படி ஓட முடியாது என்றால், ஸ்டாப்பர் எவ்வளவு நல்லவனாக இருந்தும் பயனில்லை.

பெரிய கிளப்புகளே இதில் அடிபட்டிருக்கின்றன. 2010-11இல் போர்ட்டோவை ஒரு தோல்விகூட இல்லாமல் போர்ச்சுகல் லீக் சாம்பியனாக்கிய ஆந்த்ரே வியாஸ் போவாஸ், அடுத்த சீசனில் இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்குக் கோச்சாக வந்து அங்கேயும் பின்வரிசையை மேலே ஏற்றினார். அங்கே ஸ்டாப்பராக இருந்தது ஜான் டெர்ரி. பாக்ஸுக்குள் தலையால் அடிக்கவும், ஷாட்டின் முன்னால் விழுந்து தடுக்கவும் அவருக்கு இணை குறைவு. ஆனால் பின்னால் அவ்வளவு பெரிய வெற்றிடத்தை விட்டுவிட்டு, திரும்பி ஓடிப் பிடிக்கும் ஆள் இல்லை அவர். 2011 அக்டோபர் 29 அன்று சொந்த மைதானத்திலேயே ஆர்செனலிடம் 5-3 என்று தோற்றார்கள். ஆர்செனல் ஃபார்வர்டு வான் பெர்சி மட்டும் மூன்று கோல். 2012 மார்ச் தொடக்கத்தில் கோச்சின் வேலை போனது. அவருக்குப் பின் வந்த டி மத்தேயோ, பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களைப் பின்னால் இறக்கி நெருக்கமாக நிற்க வைத்தார். மே மாதம் மியூனிக்கில், ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் அவர்கள் கையில் இருந்தது.

அதே செல்சியில் 2016இல் கோச் கோன்டே செய்ததையும் பாருங்கள். ஆர்செனலிடம் 3-0 தோல்விக்குப் பிறகு மூன்று ஸ்டாப்பர் முறைக்கு மாறினார். ஆனால் முதலில் கையில் இருந்தவர்களை எடைபோட்டார். சைடு பேக்காக ஆடிய அஸ்பிலிக்வேட்டாவை மூன்று ஸ்டாப்பர்களில் ஒருவராக உள்ளே கொண்டுவந்தார், விங்கரான மோசஸை, ஓரத்தில் முன்னும் பின்னும் ஓடும் விங் பேக் ஆக்கினார். தொடர்ந்து 13 லீக் வெற்றி, சீசன் முடிவில் சாம்பியன் பட்டம்.

நம்ம பையன்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாதிப் பேர் டர்ஃபில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ் ஆடி வளர்ந்தவர்கள். டிஃபெண்டர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியே அங்கே கிடையாது. நான்கு பேரும் ஒரே கோட்டில் சேர்ந்து ஏறுவதும் இறங்குவதும் அவர்கள் உடம்பில் இல்லை, அதற்குத் தனியாக மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதோடு, தன் பாதியில் நிற்பவனுக்கு ஆஃப்சைடு இல்லை என்பது விதி. நடுக்கோடு வரை லைனை ஏற்றிவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு ரெஃப்ரியைப் பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. உள்ளூர் டோர்னமென்டுகளில் கொடி பிடிப்பது பல நேரம் வெளியே உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பையன். அவன் கொடியை நம்பியா உங்கள் டிஃபென்ஸ்?

சரி, என்ன செய்யலாம்? ஸ்டாப்பரை எதிரணி கோலைப் பார்த்து நடுக்கோட்டருகே நிறுத்துங்கள். பக்கத்தில் உங்கள் டீமின் வேகமான ஃபார்வர்டு. இருவர் தலைக்கும் மேலாகப் பந்தைப் போடுங்கள், பத்து முறை. ஸ்டாப்பர் எத்தனை முறை முதலில் தொடுகிறான் என்று எண்ணுங்கள். பாதிகூட இல்லையென்றால் லைனைப் பத்து, பதினைந்து மீட்டர் இறக்குங்கள். கோல்கீப்பரையும் பாருங்கள், பாக்ஸை விட்டு ஓடிவந்து காலால் க்ளியர் பண்ணுவானா? கோல் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பவன் என்றால் ஹை லைன் வேண்டவே வேண்டாம். அப்புறம் பெஞ்சைப் பாருங்கள். வேகமான ஸ்டாப்பர் ஒரே ஒருவன்தான் இருக்கிறான், அவனுக்குத் தொடையில் பிடித்துக்கொண்டால் அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே முடிவு பண்ணுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று மேட்சில் கோல் வாங்கினான் என்பதற்காகப் பையனின் ஷூவைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அவனை எங்கே நிற்கச் சொன்னார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள்.

அந்தத் தம்பியைச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். திரும்பும்போது முதல் இரண்டு அடி தாமதமாகிறது, அதைச் சரிசெய்துவிடலாம். அவன் கோச்சையும் கூப்பிட்டுப் பேசினேன். அடுத்த மேட்சில் ஃபார்வர்டுகள் எத்தனை முறை பாய்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுவரச் சொன்னேன். சரி என்றிருக்கிறார்.