எக்ஸ்டர்னல் மெமரி கன்ட்ரோலர்: 'வெளி' எது?

டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) குறிப்பைத் தமிழில் எழுதப் போனால் நான் முதலில் இடறுவது 'எக்ஸ்டர்னல் மெமரி கன்ட்ரோலர்' என்ற சொல்லில்தான். செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவே நின்று தரவுப் போக்குவரத்தை நடத்தும் சுற்று அது. 'வெளி நினைவகக் கட்டுப்படுத்தி' என்று போட்டுவிடுகிறோம். படிப்பவருக்கு வெளியே செருகிய ஏதோ ஒரு பெட்டி நினைவுக்கு வருகிறது, இல்லாவிட்டால் மெமரி கார்டு. இரண்டும் இல்லை.

வெளியே இருப்பது நினைவகம் மட்டும்தான். கன்ட்ரோலர் செயலிச் சிப்புக்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. சிப்புக்குள்ளேயே கொஞ்சம் எஸ்ரேம் (புதுப்பிக்கத் தேவையில்லாத வேக நினைவகம்) இருக்கும், அது உள்நினைவகம். போர்டில் தனியாகவோ செயலியின் தலைமேல் அடுக்காகவோ பற்றவைத்த டிரேம் (அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய நினைவகம்) சிப், வெளிநினைவகம். ஆகவே சேர்த்தே எழுதுங்கள்: வெளிநினைவகக் கட்டுப்படுத்தி. நடுவிலுள்ள இடைவெளியை எடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

'கன்ட்ரோல்' எங்கிருந்து வந்தது? இடைக்கால லத்தீனில் 'கான்ட்ராரோட்டுலஸ்' என்றால் எதிர்ச்சுருள். கணக்குச் சுருளுக்கு இன்னொரு படி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின் சரிபார்ப்பு என்ற பொருள் தேய்ந்து, அடக்கி ஆளுதல் மேலே வந்துவிட்டது. நம் 'கட்டுப்படுத்தி' அந்தப் பிந்தைய பொருளைத்தான் பிடிக்கிறது. 'மின்மாற்றி', 'கடத்தி' போல இகரத்தில் முடிவதால் சாதனத்துக்கும் பொருந்துகிறது, சரி.

ஆனால் இந்த வன்பொருளுக்குப் பழைய கணக்குப்பிள்ளை வேலைதான் நெருக்கம் என்பேன். டிரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம், அது கசிந்துகொண்டே இருக்கும். டிடிஆர்3, டிடிஆர்4 வகை டிரேம் சிப்பில் வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு சுற்று புதுப்பித்தாக வேண்டும். சிப் சூடேறினால் கசிவும் கூடும், இடைவெளியைக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் தவறாமல் கணக்கு வைத்துச் செய்வது கன்ட்ரோலர்.

அப்புறம் டிரைவர். யூஎஸ்பி சாதனம் செருகியதும் 'நான் இன்னது' என்று தானே சொல்லிவிடும். இந்தக் கன்ட்ரோலர் வாய் திறக்காது. அதனால் வன்பொருளை விவரித்து இயங்குதளத்தின் கையில் ஒரு கோப்பைக் கொடுக்கிறோம். அதுதான் டிவைஸ் ட்ரீ, தமிழில் சாதன மரம். சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஓப்பன்பூட்டில் பிறந்து, 1994-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1275 தரமாக வந்த 'ஓப்பன் ஃபர்ம்வேர்' வழியாகப் பரவிய யோசனை. இதில் ஒரு சாதனத்தை விவரிக்கும் பகுதியான 'நோட்' என்பதற்குத் தமிழில் 'கணு' தயாராகக் காத்திருக்கிறது. மரமென்றால் கணு இருக்கத்தானே வேண்டும்!

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எமிஃப் (எக்ஸ்டர்னல் மெமரி இன்டர்ஃபேஸ்) கன்ட்ரோலருக்கான கணுவைப் பாருங்கள். பதிவேடுகளின் (ரெஜிஸ்டர்) முகவரி ஒரு வரி, குறுக்கீட்டு (இன்டரப்ட்) எண் ஒரு வரி. எந்த எல்பிடிடிஆர்2 (குறைந்த மின்சாரத்தில் ஓடும் டிரேம் வகை) சிப் பூட்டியிருக்கிறது என்று இன்னொரு கணுவுக்குக் கை காட்டும் வரி ஒன்று. சிப்பின் கொள்ளளவும் கால அளவுகளும் அந்த இன்னொரு கணுவில் இருக்கும். வெப்ப எச்சரிக்கை தரும் திறனைச் சொல்லும் பண்புக்கு (ப்ராப்பர்ட்டி) மதிப்பே கிடையாது. திறன் உண்டென்றால் அந்த வரி இருக்கும், இல்லையென்றால் வரியே இருக்காது.

விளக்கத்தில் எதையும் தமிழாக்கலாம், இது எந்த வன்பொருள் என்று பெயர் சொல்லும் 'கம்பேட்டிபிள்' வரியின் மதிப்பில் மட்டும் கை வைக்கக் கூடாது. டிரைவர் அந்த எழுத்துச் சரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் தன் வன்பொருளை அடையாளம் காண்கிறது. ஒரு சிறுகோடு (-) விட்டுப்போனாலும் டிரைவர் அந்தக் கணுவைத் தனக்கானதாக எடுத்துக்கொள்ளாது.