கவாத்து: கிளையை வெட்டும் இடம்தான் முக்கியம்

வெட்டுப்பட்ட மரத்தில் புண் ஆறுவதில்லை. சேதமான திசுவை மரம் புதுப்பிக்காது. அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அழுகலை உள்ளேயே அடைத்துவிட்டு, மேலே புதுத் திசுவை வளர்த்து மூடும். அந்தத் தடுப்பு வலுவாக அமையுமா என்பது நாம் எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று இருக்கும். அது தண்டைச் சேர்ந்த பகுதி. வெட்டு அதற்குச் சற்று வெளியே விழ வேண்டும். தண்டோடு ஒட்ட வழித்து வெட்டினால் வளையமே போய்விடும்; அழுகல் நேராகத் தண்டுக்குள் இறங்கும். முளை போலக் கட்டையை விட்டுவிட்டாலும் ஆபத்துதான். அது காய்ந்து, பூஞ்சைக்கு வழியாகும். புதுத் திசுவும் அதைத் தாண்டி மூட முடியாது.

கையால் தாங்க முடியாத கனமான கிளையை ஒரே அறுப்பில் எடுக்காதீர்கள். பாதியில் முறிந்து, தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, முதலில் அடிப்பக்கமாகக் கால்வாசி ஆழம் அறுங்கள். அதற்கு 3 முதல் 5 செ.மீ. வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிஞ்சிய கட்டையை வளையத்துக்கு வெளியே கடைசியாக எடுங்கள். தாரோ பெயின்டோ பூச வேண்டாம். அவை அழுகலைத் தடுப்பதில்லை, ஈரத்தைத்தான் தேக்கும்.

5 செ.மீ.க்குக் குறைவான விட்டமுள்ள கிளையைத் தயங்காமல் வெட்டலாம். 10 செ.மீ.க்கு மேற்பட்டதை வெட்ட உறுதியான காரணம் வேண்டும். அதனால்தான் இளமரத்திலேயே வடிவமைப்பது நல்லது. ஒரே ஆண்டில் பசுந்தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. முதிய மரத்தில் அதைவிடக் குறைவு.

தலையை மொட்டையடிப்பதுதான் மிக மோசமான பழக்கம். மரம் சேமித்த உணவைச் செலவழித்து அவசரமாகப் போத்துகளை, அதாவது நெட்டையான புதுக் கிளைகளை, விடும். அவை பட்டைக்கு அடியில் மேலோட்டமாகப் பிடித்திருப்பதால், கனத்ததும் காற்றில் பிய்ந்து விழும். உயரம் குறைய வேண்டுமென்றால், வெட்டும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை வரை பின்வாங்கி வெட்டுங்கள்.

இலையுதிர் மரங்கள் பலவற்றுக்கு, இலை கொட்டியபின் தளிர் விடுவதற்குச் சற்று முந்தைய காலம் ஏற்றது. பழைய கிளையில் பூப்பவற்றைப் பூத்து முடிந்ததும், புதுத் தளிரில் பூப்பவற்றைத் தளிர்க்கும் முன்பும் வெட்டலாம். தளிர் விரியும் நேரமும், தொடர்மழையும், கடும் வறட்சியும் ஏற்றவையல்ல. பட்ட கிளை, முறிந்த கிளைக்குக் காலம் பார்க்க வேண்டாம். நோய்ப்பட்ட மரத்தைத் தொட்ட கத்தியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்தபின்தான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். ரம்பத்தை எடுக்கும் முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு பறக்கும்வரை பொறுக்கலாம். மின்கம்பியை ஒட்டிய கிளையை மட்டும் நீங்களே தொடாதீர்கள்; மின் ஊழியர்களிடம் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே அதை வெட்ட வேண்டும்.